மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் நடுவர் மரபு - ஒரு வரலாற்று நோக்கு

நடுவர் என்னும் சொல்லைக் கேட்டதும் இன்று எம்மிற் பலருக்கு விளையாட்டு மைதானமே நினைவுக்கு வருகின்றது. வாயில் விசிலும் கையில் மணிக்கூடுமாக ஓடித்திரியும் அம்மனிதரை ஆட்டக்காரர் அஞ்சுவர், பார்வையாளர் ஏசுவர், ஆட்டம் முடிந்ததும் அனைவரும் அவரை மறந்துவிடுவர். ஆயினும் நடுவரின் பணி மைதானத்தோடு முடிந்துவிடுவதன்று. இரு தரப்பார் ஒரே இடத்தில், ஒரே பொருளை நாடி, ஒரே விதிக்கு உட்பட்டு நிற்கும் இடமெல்லாம் மூன்றாமவர் ஒருவரின் தேவை எழுகின்றது. வயலிலே நீருக்காகவும், கோயிலிலே வரிசைக்காகவும், குடும்பத்திலே முதுசொத்துக்காகவும் மனிதர் முரண்படும்பொழுது அம்முரண்பாட்டைத் தீர்ப்பவர் யார்? அவருக்கு அந்த உரிமையை அளித்தவர் யார்? அவருடைய தீர்ப்புக்குத் தோற்றவர் ஏன் தலைவணங்குகின்றார்?

இவ்வினாக்களை மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்தின் சமூக வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுவான்கரையும் படுவான்கரையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இப்பிரதேசம் நடுவர் மரபு பல செழித்திருந்த இடமாகும். அம்மரபுகள் ஒவ்வொன்றாகச் சிதைந்ததைக் கண்ட இடமும் இதுவே. ஆதலின் நடுவர் என்பவரின் பொருளை அறிய விழைவோர்க்கு இப்பிரதேசத்தின் வரலாறு ஒரு நல்ல பாடநூலாக அமையும்.

சொல்லும் பொருளும்

நடு என்னும் அடியாகப் பிறந்த நடுவர் என்னும் சொல்லும், வடமொழி வழிவந்த மத்தியஸ்தர் என்னும் சொல்லும் ஒரே கருத்தைத் தருவன. இரண்டும் ஒருவர் நிற்கும் இடத்தையே சுட்டுகின்றனவன்றி அவருடைய அதிகாரத்தைச் சுட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரம் ஒன்றை வகுத்தார். அவர் அங்கு நடுவு நிலைமைக்கு உவமையாகக் காட்டுவது துலாக்கோல் ஆகும். துலாக்கோலின் சிறப்பு அது எப்பக்கமும் சாயாமை மட்டுமன்று. தட்டுகள் இரண்டையும் தாங்கி நிற்பதும் அதுவே. தாங்காத கோல் எடை காட்டாது.

மேலைநாட்டுச் சொற்களின் வரலாறும் இவ்வாறே அமைந்துள்ளது. அம்பயர் என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு மொழியில் 'இணையற்றவர்', அதாவது இரட்டைக்குப் புறம்பான மூன்றாமவர், என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. ரெஃபரி என்னும் சொல் 'யாரிடம் வழக்கு ஒப்படைக்கப்படுகின்றதோ அவர்' எனப் பொருள்படும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில் முதலில் இரு தரப்பும் தத்தமக்கு ஒரு அம்பயரை நியமித்துக்கொண்டன. அவ்விருவரும் உடன்படாத வேளையில் மட்டும் எல்லைக்கு வெளியே நின்ற மூன்றாமவரிடம் வழக்கு ஒப்படைக்கப்பட்டது. 1891ஆம் ஆண்டிலேயே அம்மூன்றாமவர் மைதானத்தினுள் வந்து முழு அதிகாரமும் பெற்றார். அம்பயர் இருவரும் கோட்டு உதவியாளராயினர்.

ஆகவே, இரு தரப்பும் தனித்தனியே ஒருவரைத் தெரிதல், தெரியப்பட்ட இருவர்க்கும் மேலாக மூன்றாமவர் ஒருவர் நிற்றல் என்னும் அமைப்பே நடுவர் முறையின் மூல வடிவம் எனலாம். பிற்பகுதியில் இவ்வடிவத்தை நாம் மீண்டும் மீண்டும் சந்திக்கவுள்ளோம்.

குடியும் வண்ணக்கரும்

மட்டக்களப்புச் சமூக அமைப்பின் அடிப்படை அலகு குடியாகும். குடி தாய்வழியே வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடியிற் பிறந்தோர் தம்முள் மணம் செய்வதில்லை. தமிழரிடையே மட்டுமன்றி இப்பிரதேச முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவி வருகின்றது. தமிழர் கோயில்களில் குடிகளின் சார்பில் நிற்பவர் வண்ணக்கர் எனவும், முஸ்லிம்களின் பள்ளிவாசல்களில் அவ்வாறு நிற்பவர் மரைக்காயர் எனவும் வழங்கப்பட்டனர். சமயம் வேறாயினும் பதவியின் இலக்கணம் ஒன்றாக இருந்தமை இங்கு நோக்கற்பாலது.

வண்ணக்கர் என்னும் பெயர் சிந்தனைக்குரியது. பழந்தமிழில் வண்ணக்கன் என்பவன் நாணயத்தின் மாற்றுப் பார்ப்பவன். பொன் நல்லதோ கள்ளதோ எனச் சொல்பவன். அவனது சொல்லை விற்பவனும் வாங்குபவனும் ஏற்றாலன்றி வணிகம் நடவாது. அப்பெயர் மட்டக்களப்பிலே கோயிலின் பொருளுக்கும் கணக்குக்கும் பொறுப்பானவரைக் குறிக்கலாயிற்று. கோயிலின் கணக்கை மட்டுமன்றிக் கோயில் வரிசைகளையும் அவர் காக்க வேண்டியிருந்தது. திருவிழாவில் எந்தக் குடிக்கு எந்த நாள், யாருக்கு முன்னுரிமை, பூசையின் பின் யாருக்கு முதற் பங்கு என்பன இச்சமூகத்தில் சிறு காரியங்களல்ல. வரிசை என்பது ஒரு குடியின் மானம். வரிசை குழம்பினால் ஊர் குழம்பும். கோயில் வழக்குகள் பல ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் வரை சென்றமைக்கு இதுவே காரணம்.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பே. வண்ணக்கரும் ஒரு குடியிற் பிறந்தவரல்லரோ? ஒரு தரப்பைச் சார்ந்தவர் எவ்வாறு நடுநிலை காத்தல் கூடும்? உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், கணக்குக் காட்டாதோரை மட்டுமன்றி அவர்தம் உறவினரையும் சபைக்குத் தகுதியற்றவராக்கின. அங்கு நடுநிலை என்பது உறவின்மையால் காக்கப்பட்டது. ஆனால் ஊர் முழுவதும் உறவாயிருக்கும் மட்டக்களப்புக் கிராமத்தில் அந்த வழி இயலாதது.

இதற்கு விடை இப்பிரதேசத்தின் மணமுறையிலே உள்ளதென்பது எமது கருத்து. இங்கு வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே செல்லும். மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழ்கின்றான். பிறப்பால் அவன் தாயின் குடி. உறைவதோ மனைவியின் குடியினரிடையே. அவன் தந்தையின் குடியோ இன்னொன்று. அவன் பிள்ளைகள் அவன் குடியினரல்லர். சகோதரியின் பிள்ளைகளே அவன் குடியினர். எனவே வயது முதிர்ந்த ஆண் ஒருவன் குறைந்தது இரண்டு குடிகளுக்கேனும் கடமைப்பட்டவன். ஒரு குடியை வருத்தினால் தன் பிள்ளைகளை வருத்துவான்; மற்றக் குடியை வருத்தினால் தன் மருமக்களை வருத்துவான். உறவின்மையால் அன்றி, இரு பக்கத்து உறவினாலேயே நடுநிலை பிறக்கும் ஓர் ஏற்பாடு இது. இரு தட்டுகளையும் தாங்கும் துலாக்கோல் என மேலே கூறியதை இங்கு நினைவுகூரலாம்.

இத்தாய்வழி உரிமை முறை முக்குவர் சட்டம் என அறியப்பட்டது. அதுபற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ எழுதிய நூல் 1876இல் வெளிவந்தது. அதே 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க மண உரிமை மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இம்முறையின் சட்ட வலிமையை இல்லாதொழித்தது. முறை ஏட்டிலே எழுதப்பெற்ற வேளையும் நீதிமன்றத்தில் அது செல்லாக்காசான வேளையும் ஒன்றாய் அமைந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆயினும் சீதன வழக்கும் குடி வழக்கும் மக்களிடையே தொடர்ந்தன. சட்டம் போன பின்பும் வழக்கம் நின்றது.

வயலும் வட்டை விதானையும்

கோயில் வரிசையைவிட அன்றாட வாழ்வுக்கு நெருங்கியது வயல் நீர். படுவான்கரையிலும் தெற்கேயுள்ள கரைவாகு, சம்மாந்துறை முதலான பற்றுகளிலும் நெல் வயற்பரப்பு வட்டை எனவும் கண்டம் எனவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டையின் நீர், வேலி, வாய்க்கால், கால்நடை ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர் வட்டை விதானை. குளத்து மதகு திறந்தால் நீர் முதலில் மேல்மடைக்காரனைச் சென்றடையும், கடைமடைக்காரன் காத்திருப்பான். நல்ல மழை பெய்த ஆண்டில் இவ்வேறுபாடு தெரியாது. வானம் பொய்த்த சிறுபோகத்திலோ இரவோடிரவாக வக்கடை வெட்டுவோரும் அதைக் காவல் காப்போரும் மண்வெட்டியுடன் எதிரெதிரே நிற்கும் நிலை உண்டாகும். அவ்வேளை முறைத் தண்ணீர் பங்கிட்டு, இன்னாருக்கு இத்தனை நாழிகை என வகுப்பது விதானையின் கடமை. பட்டி மாடுகள் பயிரை அழித்தால் அழிவை மதிப்பிட்டு நட்டம் தீர்ப்பதும் அவருடையதே.

இப்பதவியை ஆங்கிலேயர் உருவாக்கினரல்லர். அவர்கள் அதனைச் சட்டத்துள் கொணர்ந்தனர். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இயற்றப்பட்ட 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், வயல் நீர்ப்பாசனம் பற்றிய பழைய வழக்கங்களை உயிர்ப்பித்து நடைமுறைப்படுத்துவதையே தன் நோக்கமாக அறிவித்தது. தொடக்கத்தில் இவ்வழக்கங்களை மதியாது விட்ட ஆங்கிலேய ஆட்சி, நீதிமன்றங்கள் வழக்குகளால் நிரம்பி வயல்கள் வாடியபின் அவற்றைத் தேடிச் சென்றது. மட்டக்களப்புப் பகுதியின் இறக்காமம், அம்பாறை முதலிய குளங்கள் வார்டின் காலத்திலே திருத்தப்பட்டன. குளத்தைத் திருத்த எந்திரி போதும். நீரைப் பங்கிட ஊரார் நம்பும் ஒருவர் வேண்டும் என்பதை அந்த ஆட்சி உணர்ந்திருந்தது.

விதானையின் ஊதியம் எவ்வாறு வந்ததென்பதும் முக்கியமானது. அவர் அரசாங்கச் சம்பளக்காரரல்லர். ஒவ்வொரு வயலின் விளைச்சலிலிருந்தும் அவருக்குச் சுவந்திரம் என ஒரு பங்கு நெல் அளக்கப்பட்டது. மேல்மடைக்காரனும் அளந்தான், கடைமடைக்காரனும் அளந்தான். கடைமடை காய்ந்தால் விதானையின் பங்கும் காயும். எல்லோருடைய விளைவிலும் தன் விளைவைக் கண்டவராதலின் அவரது நடுநிலைக்கு ஒரு பொருளாதார அடிப்படையும் இருந்தது.

எனினும் பழமையைப் போற்றுவதற்காக உண்மையை மறைத்தல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. விதானை பெரும்பாலும் நிலமுடையவர். போடியார் வகுப்பைச் சார்ந்தவர் அல்லது அவர்களுக்கு வேண்டியவர். நிலமற்ற வயற்கூலிக்கும், போடியாரிடம் கடன்பட்ட முல்லைக்காரனுக்கும் அவர் முன்னிலையில் எத்துணைச் செவி கிடைத்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. தாழ்த்தப்பட்ட சாதியினர்க்குக் கோயில் வரிசையில் பணி இருந்தது, தீர்ப்பில் இடமிருக்கவில்லை. சொத்தெல்லாம் தம் பெயரிலே வந்தும் பெண்கள் கூட்டத்தில் அமர்ந்தாரல்லர். ஆகவே பழைய நடுவர் தரப்புகளிடையே நடுவராக இருந்தாரேயன்றி, தரப்பாகவே எண்ணப்படாதோர்க்கு அவர் நடுவராக இருக்கவில்லை.

இக்குறையை நோக்கியே 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம் எழுந்தது. பிலிப் குணவர்த்தன கொணர்ந்த அச்சட்டம் பழைய விதானைப் பதவியை நீக்கி, குத்தகை விவசாயியும் இடம்பெறும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. நோக்கம் நல்லது. ஆயினும் பின்வந்த சட்டங்கள் குழுக்களை அரசியல் நியமனங்களுக்கு உள்ளாக்கின. 1979இல் கமநல சேவைகள் சட்டமும் 2000இல் கமநல அபிவிருத்திச் சட்டமும் வேறு வேறு ஏற்பாடுகளைச் செய்தன. சட்டங்கள் மாறின, ஆனால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட விவசாயிகளின் வாயில் வட்டை விதானை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. நூறாண்டுக்கு மேலாகச் சட்டம் தந்தும் பறித்தும் வந்த பதவியை மக்கள் தம் தேவைக்காகத் தாமே வைத்துக்கொண்டனர் என்பதே இதன் பொருள்.

1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டம் இன்னொரு மாற்றத்தை ஏற்படுத்தியது. மதகு இப்பொழுது ஊராரின் கண்ணுக்கெட்டாத தொலைவுக்குச் சென்றுவிட்டது. மேலே புதிதாகக் குடியேற்றப்பட்டோர் பெரும்பாலும் சிங்களவர். கீழே பழைய வயலுக்குரியோர் தமிழரும் முஸ்லிம்களும். மேல்மடை, கடைமடை என்னும் பழைய முரண்பாட்டின்மேல் இன முரண்பாடு ஏறிக்கொண்டது. 1956 யூனில் கல்லோயாவில் வன்செயல் வெடித்தது. இரு பக்கமும் உறவுடைய நடுவர் ஒருவர் அங்கு இருக்கவில்லை, இருந்திருக்கவும் முடியாது. ஆயினும் 1980களின் தொடக்கத்தில் அத்திட்டத்தின் இடதுகரையில் விவசாயப் பிரதிநிதிகள் வாக்கெடுப்பாலன்றி ஒருமித்த கருத்தாலே தெரியப்பட்டபோது, மேல்பகுதிச் சிங்கள விவசாயிகள் கீழ்ப்பகுதித் தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டுக்கொடுத்ததாக அம்முயற்சியை ஆராய்ந்த நோர்மன் அப்ஹொஃப் பதிவு செய்துள்ளார். உறவு இல்லாத இடத்திலும் உடன்பாட்டால் நடுநிலையை உருவாக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

கொம்பு விளையாட்டு

இனி விளையாட்டுக்கு வருவோம். மட்டக்களப்பிற்கே சிறப்பான கொம்பு விளையாட்டு கண்ணகி வழிபாட்டுடன் இணைந்தது. மழை பொய்த்தபோதும் நோய் பரவியபோதும் அம்மனைக் குளிர்விக்க இது ஆடப்பட்டது. ஊர் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வலிய கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு பூட்டி இரு சேரியாரும் இழுப்பர். எக்கொம்பு முறிகின்றதோ அப்பக்கம் தோற்றது. கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கும்போது இருவர் கொக்கைகளும் சிக்கிக்கொள்ள, இரு பக்கத்துத் தோழரும் சேர்ந்து இழுத்தனர் என்பது இதன் ஐதிகம். சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டில் நிகழும் அங்கெலிய விளையாட்டும் இத்தகையதே. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலில் இவ்விளையாட்டின் செய்திகளைத் தொகுத்துத் தந்துள்ளார். தேற்றாத்தீவில் கொம்புச்சந்திப் பிள்ளையார் என ஆலயம் ஒன்று விளங்குவது, இவ்விளையாட்டு ஊரின் நிலப்படத்திலேயே பதிந்துவிட்டதைக் காட்டும்.

இவ்விளையாட்டில் தீர்ப்புச் சொல்வது முறிந்த கொம்பே. மேலோட்டமாக நோக்கின் இங்கு நடுவருக்கு வேலையில்லை எனத் தோன்றும். உண்மை அதுவன்று. இழுவைக்கு முன்னரே கொம்புகள் இரண்டும் ஒத்தனவோ, கட்டு முறையானதோ, கயிறு சரியோ என்பதில் இரு சேரி மூத்தோரும் உடன்பட வேண்டும். அந்த உடன்பாட்டிற்குப் பின் மனிதன் விலகிக்கொள்கின்றான், மரம் தீர்ப்பளிக்கின்றது. அதாவது நடுவரின் பணி ஆட்டத்திற்கு முன்பே முடிவடைந்துவிடுகின்றது. தீர்ப்பைவிட விதியில் உடன்படுதலே கடினமானது என்பதை இவ்விளையாட்டு உணர்த்துகின்றது.

இன்னொன்றும் உண்டு. வென்றவர் ஊர்வலம் வருவர்; தோற்றவரைப் பழித்துப் பாடுவர். தோற்றவர் கேட்டுக்கொண்டிருப்பர். ஆட்டம் சில வேளை கைகலப்பாகியதும் உண்டு. எனினும் முடிவில் இரு சேரியும் ஒரே அம்மனின் முன் குளிர்த்திக்கு நிற்கின்றன. அடுத்த ஆட்டத்திற்கு எதிர்ப்பக்கம் தேவை என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும். எதிரி அழிந்துவிட்டால் விளையாட்டு இல்லை. விளையாட்டு இல்லையேல் மழையும் இல்லை.

கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறும் காவியம் 'கண்ணகி வழக்குரை' எனப் பெயர் பெற்றிருப்பதும் பொருத்தமுடையது. வழக்கு உரைத்தல் என்பதே அதன் தலைப்பு. நடுவனாக இருக்க வேண்டிய பாண்டியன் மறுதரப்பைக் கேளாமலே தீர்ப்பளித்தான் என்பதே அக்கதையின் கரு. தன் தவறு வெளிப்பட்டபோது அவன் உயிர்விட்டான், நகரம் எரிந்தது. பிழைத்த தீர்ப்பு ஓர் ஊரையே எரிக்கும் என்னும் செய்தியை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்த மக்கள் இவர்கள்.

சட்டம் அமைத்த நடுவர்

ஆங்கிலேயர் 1871இல் கிராமச் சங்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றிச் சிறு வழக்குகளைக் கிராம மட்டத்திலேயே தீர்க்க வழிசெய்தனர். சுதந்திர இலங்கை 1958இல் இணக்க சபைகளை நிறுவியது. அவற்றின் முன் சட்டத்தரணிகள் தோன்ற இயலாது. வழக்காடுதலன்று, இணக்கமே நோக்கம். ஆனால் உறுப்பினர் நியமனத்தில் கட்சி அரசியல் புகுந்ததென்னும் குற்றச்சாட்டு வலுத்து, 1970களின் இறுதியில் அவை நீக்கப்பட்டன. பின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் மத்தியஸ்த சபைகளை அமைத்தது. இச்சட்டத்தின்படி பிணக்காளர் ஒவ்வொருவரும் பட்டியலிலிருந்து ஒரு மத்தியஸ்தரைத் தெரிவர், அவ்விருவரும் மூன்றாமவரைத் தெரிவர், அவரே தலைவர். உதைபந்தாட்டத்தின் பழைய அமைப்பை இங்கு மீண்டும் காண்கின்றோம். இம்மத்தியஸ்தர் தீர்ப்பளிப்பவரல்லர், இருவரையும் ஓர் இணக்கத்துக்குக் கொணர்பவர். இணக்கம் இல்லையேல் இணங்கவில்லை எனச் சான்றிதழ் வழங்குவர். வழக்கு நீதிமன்றம் செல்லும்.

இச்சட்டம் பிறந்த காலத்திலே எமது பிரதேசம் சிறு பிணக்குகளைப் பற்றிச் சிந்திக்கும் நிலையில் இருக்கவில்லை.

நடுவர் இல்லாத காலம்

1980களில் மட்டக்களப்பில் பிரசைகள் குழு உருவாகியது. காணாமற்போனோரைத் தேடுவதும், கைதானோர்க்காகப் பேசுவதும், ஆயுதம் தாங்கியோர்க்கும் பொதுமக்களுக்கும் இடையே நிற்பதும் அதன் பணியாயின. அதன் தலைவராக இருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 யூன் மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராகப் பல தலைமுறை மாணவரை உருவாக்கிய அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபேர்ட், 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டு வழியிற் காணாமற்போனார். அவருடன் சென்ற இளைஞரும் திரும்பவில்லை. 1948இல் இங்கு வந்து 2019இல் இம்மண்ணிலேயே மறைந்த அருட்தந்தை பென் ஹரி மில்லர் சமாதானக் குழுவில் நீண்டகாலம் பணியாற்றினார். நடுவில் நிற்றல் என்பது இக்காலத்தில் இரு பக்கத்துக் குறிக்கும் இலக்காதல் என்னும் பொருளைப் பெற்றது.

அதே 1990 ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், ஏறாவூரிலும், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்தோரிடையேயும், சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்தவை ஈண்டு விரித்துரைக்கத் தக்கனவல்ல. மறக்கத் தக்கனவும் அல்ல. ஒரே குடிமுறையை உடைய இரு சமூகங்கள், வண்ணக்கரும் மரைக்காயரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்த ஊர்கள், எல்லையிட்டுப் பிரிந்தன. வயலும் நீரும் பகிர்ந்தோரிடையே பழைய நடுவரின் சொல் செல்லாதுபோயிற்று. துப்பாக்கி உடையவன் தரப்பாகவும் விதியாகவும் தீர்ப்பாகவும் தானே நின்றான்.

2002 பெப்ரவரி 22இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை ஒரு நடுவரை மீண்டும் நியமித்தது. நோர்டிக் நாடுகள் ஐந்தின் கண்காணிப்புக் குழு அது. அதன் தலைவரே உடன்படிக்கையின் பொருளை விளக்கும் இறுதி அதிகாரியாவார் என உடன்படிக்கை கூறியது. மட்டக்களப்பு உட்பட ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள் அமைய வேண்டுமெனவும் விதித்தது. ஒவ்வொன்றிலும் ஐவர்: அரசாங்கம் தெரிபவர் இருவர், விடுதலைப் புலிகள் தெரிபவர் இருவர், கண்காணிப்புக் குழுத் தலைவர் தெரியும் ஒருவர். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர், சமயப் பெரியார் போன்றோர் இவ்விரு தரப்பிலும் தெரியப்பட வேண்டியவராவர். இருவரும் மூன்றாமவரும் என்னும் பழைய அமைப்பு இங்கும் பிழையின்றி வரையப்பட்டிருந்தது.

எனினும் அந்நடுவரால் ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை. மீறல்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகின. பதிவு மட்டுமே அவருக்கு இயன்றது. 2004இல் விடுதலைப் புலிகளின் கிழக்குத் தளபதி பிரிந்தபோது, உடன்படிக்கையில் பெயரில்லாத மூன்றாம் தரப்பு ஒன்று வாவிக்கரையிலே தோன்றியது. இருவர்க்கென எழுதிய விதி மூவரிடையே செல்லாது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்ததைத் தொடர்ந்து சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய நாட்டினர் விலக நேர்ந்தது. 2008 ஜனவரியில் உடன்படிக்கை முடிவுற்றது. விசில் ஊதுவார் இன்றி ஆட்டம் தொடர்ந்தது.

இத்தோல்விக்குக் குழுவினரைக் குறை கூறுதல் எளிது. ஆனால் மேலே கண்ட மரபுகளோடு ஒப்பிடும்போது காரணம் வேறெனத் தோன்றுகின்றது. வட்டை விதானைக்கு ஊதியம் இரு மடையிலிருந்தும் வந்தது. வண்ணக்கருக்குப் பிள்ளைகள் இரு பக்கமும் இருந்தனர். கொம்பு விளையாட்டில் எதிர்ச்சேரி அழிய வேண்டுமென எவரும் விரும்பவில்லை. 2002இன் நடுவருக்கு இம்மூன்றில் எதுவும் வாய்க்கவில்லை. தரப்புகளும் அடுத்த ஆட்டத்தை எண்ணி ஆடியவையல்ல; இதுவே இறுதி ஆட்டம் என எண்ணியவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் நடுவர் முறை நிலைப்பதற்கு மூன்று நிலைமைகள் இன்றியமையாதன என்பது பெறப்படும். முதலாவது, இரு தரப்பாரும் அவரைத் தாமே தெரிந்திருத்தல், அல்லது தம்மவராக உணர்தல். இரண்டாவது, விதி ஆட்டத்திற்கு முன்பே இருவர்க்கும் தெரிந்திருத்தல். மூன்றாவது, தோற்றவர்க்கு ஆட்டத்தின் பின்னும் ஊரில் ஓரிடம் இருத்தல். இம்மூன்றில் மூன்றாவதே தலையாயது என்பது எமது துணிபு. தோற்றால் தனக்கு நாளை இல்லை என அஞ்சுபவன் எந்த நடுவருக்கும் கட்டுப்படான்.

மரபு நடுவரின் குறைகளையும் நாம் மறத்தலாகாது. நிலமற்றோரும் பெண்களும் ஒடுக்கப்பட்டோரும் தரப்பாகவே கொள்ளப்படாத சபையை அப்படியே மீட்டெடுத்தல் எமது பணியன்று. இன்று மாவட்டத்தில் இயங்கும் மத்தியஸ்த சபைகளும் கமக்கார அமைப்புகளும் அவ்வாசனங்களை அனைவர்க்கும் திறந்துவிட வேண்டும். தமிழ்க் கிராமத்திற்கும் முஸ்லிம் கிராமத்திற்கும் இடையேயுள்ள காணிப் பிணக்கிலும், மேய்ச்சல் தரைப் பிணக்கிலும், வாவி மீன்பிடிப் பிணக்கிலும் இரு பக்கத்தாரும் நம்பும் மூன்றாமவரை யார் தருவது என்பதே இப்பிரதேசத்தின் இன்றைய வினா. கொழும்பிலிருந்து வரும் ஆணைக்குழுவோ, கடல்கடந்து வரும் தூதுவரோ அதற்கு விடையாகார். விடை வாவியின் இரு கரையிலேயே உண்டு.

சிறுவயதில் படுவான்கரை வயல் ஒன்றில் நடந்த கூட்டத்திற்கு அம்மப்பாவின் கைபிடித்துச் சென்ற நினைவு இக்கட்டுரையை எழுதும்போது எழுந்தது. மர நிழலில் இரண்டு அண்ணன்மார் உரத்த குரலில் ஏசிக்கொண்டிருந்தனர். முதியவர் ஒருவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் எழுந்து இருவரையும் அழைத்துக்கொண்டு வாய்க்கால் வழியே கடைமடை வரை நடந்தார். திரும்பி வருகையில் மூவரும் மெல்லப் பேசிக்கொண்டு வந்தனர். அவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என அம்மப்பாவிடம் கேட்டேன். "தீர்ப்பு ஒண்டும் சொல்லல்ல மகன். ரெண்டு பேரையும் கடைசி வயலக் காட்டினார், அவ்வளவுதான்" என்றார்.